ஆக்சிலேட்டர் கொடுத்ததும் தொய்ந்து நிற்கும் பழைய அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் இன்ஜின்)

பிளக்கை மூன்றாவது தடவையாக மாற்றாதீர்கள். ஐடிலில் ஒழுங்காக ஓடி, காசிமேடு மீன்பிடித் துறைமுக முகத்துவாரம் தாண்டி முழு ஆக்சிலேட்டர் கொடுத்த இரண்டு நிமிடத்தில் அடங்குகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் பெட்ரோல் போதாத கோளாறு.

முதலில் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், இதில் ஏமாறாத ஆள் குறைவு.

அப்புறம் கூட ஒருவரை ஏற்றிக்கொண்டு போங்கள். இன்ஜின் தொய்கிற நேரத்தில் அவர் பெட்ரோல் ஹோஸ் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பை (கையால் அமுக்கி பெட்ரோல் தள்ளும் உருண்டை) வேகமாக அமுக்கட்டும்.

1. உடனே வேகம் திரும்பினால் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் (பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) கெட்டிருக்கிறது, அல்லது ஹோஸ் இணைப்பில் காற்று இழுக்கிறது. பல்பு சப்பிப்போய் ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம்.
2. மாற்றமே இல்லை, ஆனால் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் சில நொடி தேறுகிறது என்றால் கார்புரேட்டர் மெயின் ஜெட் (முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கிறது. கழற்றி ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்த வேண்டாம். துளை பெரிதாகிவிடும்.

டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் தண்ணீர். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும்.

ஒன்று கவனம்: உங்களுடையது டூ ஸ்ட்ரோக். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்த, உராய்வைத் தடுக்கும் ஆயிலும் குறையும். சரியாகும்வரை முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.