ஸ்கூட்டிக்கு எலக்ட்ரிக் பெற்றோல் பம்ப் போடலாமா? வாங்க முதல் பாக்கவேண்டியதுகள்

கேள்வி: அண்ணை வணக்கம், நான் சுன்னாகம். அம்மான்ர பழைய ஸ்கூட்டி ஒண்டு இருக்கு, காபரேட்டர் மொடல், நாலு ஸ்ட்ரோக், பெற்றோல் டாங்க் கால் வைக்கிற தட்டுக்குக் கீழ. காலமை வடிவா ஸ்டார்ட் ஆகும், யாழ்ப்பாண ரவுனுக்கு வெளிக்கிட்டா இணுவில் தாண்டேக்க இழுவை குறைஞ்சு குறைஞ்சு நிண்டிடும், பத்து நிமிசம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகி ஓடும். கராஜில பாத்திட்டு வக்யூம் பம்ப் பழுது, இதுக்கு இப்ப சாமான் எடுக்கேலாது, எலக்ட்ரிக் பம்ப் போடுவம், கூலியோட 12,000 எண்டு சொல்லினம். ஒன்லைன்ல அதே மாதிரி பம்ப் 4,000க்குக் கிடக்கு. எதை வாங்கிறது, போட்டா சரிவருமா?

பதில்: தம்பி, ரெண்டையும் இப்ப வாங்காதேங்கோ. நீங்கள் சொன்னதில ஒரு விசயம்தான் எனக்கு இடிக்குது, பத்து நிமிசம் விட்டா தானா சரிவருது எண்டது. உங்கட டாங்க், பெற்றோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு விடுற காபரேட்டரை விடக் கீழ இருக்கு, அப்ப இஞ்சின் நிண்டு போனா பெற்றோல் தானா மேல ஏறாது, வக்யூம் பம்ப் இஞ்சின் உறிஞ்சிற காத்தில வேலை செய்யிற சாமான், இஞ்சின் சுத்தாட்டி அதுவும் சும்மாதான் நிக்கும். உள்ளுக்கு இருக்கிற ரப்பர் தோல், டயபிறம் எண்டுறது, கிழிஞ்ச பம்ப் பத்து நிமிசம் இருந்திட்டு நல்லா வராதுதானே. அப்பிடி இருந்து சரிவாறதுக்கு கூடச் சாத்தியம் ரெண்டு இருக்கு. ஒண்டு டாங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைபட்டு, பெற்றோல் குறையக் குறைய உள்ளுக்கு காத்து இல்லாமல் இழுபட்டு நிக்கிறது, கொஞ்ச நேரம் விட மெல்ல மெல்ல காத்துப் போய் சரிவரும். மற்றது பிளக்குக்குப் பொறி குடுக்கிற இக்னிஷன் கொயிலோ, அதை நேரத்துக்கு அடிக்க வைக்கிற சிடிஐ பெட்டியோ சூடேறினா கறண்ட் விடாமல் நிண்டிடும், ஆறினா திரும்ப வேலை செய்யும். கொயிலிலதான் பழுது எண்டா நீங்கள் எவ்வளவு விலையான பம்ப் போட்டாலும் இணுவிலிலதான் நிக்கப் போறீங்கள்.

இதைக் கண்டுபிடிக்க காசு செலவில்லை. அடுத்த முறை நிண்ட உடன கரையில விட்டிட்டு முதல்ல டாங்க் மூடியைத் திறவுங்கோ, ஸ்ஸ் எண்டு காத்து உள்ள போற சத்தம் கேட்டு, பேந்து அடிக்க ஸ்டார்ட் ஆனா விசயம் மூடியோட முடிஞ்சுது, ஓட்டையை மெல்லிய கம்பியால குத்தித் துப்பரவாக்கினாக் காணும். அப்பிடி இல்லையெண்டா காபரேட்டருக்கு அடியில பாருங்கோ, கிண்ணம் மாதிரி இருக்கிற பகுதியில பக்கவாட்டில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதுக்கு நேர கீழ ஒரு மெல்லிய ரியூப் தொங்கும். ரியூப் முனையில ஒரு சின்னப் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு ஸ்க்ரூவை அரைச்சுத்து மட்டும் இளக்குங்கோ, கழட்டி எடுக்க வேண்டாம், சைலன்ஸர் சூடா இருக்கும் கையும் பெற்றோலும் அதில படாமல் கவனம், கிட்டடியில ஒருத்தரும் சிகரெட்டோட நிக்கக் கூடாது. நல்லா ஊத்துண்டா கிண்ணத்தில பெற்றோல் இருக்கு, இஞ்சின் நிண்டது பெற்றோல் இல்லாமல் இல்லை, கொயில் பிளக் பக்கம் தேடுங்கோ. ரெண்டு சொட்டு விழுந்து நிண்டா மட்டும்தான் பெற்றோல் வாறேல்லை எண்டு அர்த்தம். சிலவேளை சொட்டுக்குப் பிறகு மண்ணிறத் தண்ணி வரும், அதுவும் ஒரு மறுமொழிதான். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில கான் கானா வீட்டில சேத்து வச்சு ஊத்தின ஸ்கூட்டியள் எத்தனையோ, அந்த ஊத்தையும் துருவும் இண்டைக்கும் டாங்குக்கு அடியில கிடக்கும், பில்டர் மாத்தாமல் பம்பில பழி போடுறது அநியாயம்.

சரி, பெற்றோல்தான் வரேல்லை, மூடியும் பில்டரும் நல்லம் எண்டா இப்ப பம்புக்கு வருவம். பம்பில மூண்டு மூக்கு இருக்கும், ஒண்டு டாங்கில இருந்து வாறது, ஒண்டு காபரேட்டருக்குப் போறது, மூண்டாவது இஞ்சினில இருந்து வக்யூம் வாற குழாய். அந்த மூண்டாவது குழாயைக் கழட்டிப் பாருங்கோ, உள்ள பெற்றோல் ஈரமா இருந்தா டயபிறம் கிழிஞ்சிட்டுது, அது சரியான அடையாளம், அப்பிடியான ஸ்கூட்டி கறுப்புப் புகை விடும், பெற்றோலும் கூடக் குடிக்கும். காய்ஞ்சு இருந்தா குழாயை வளைச்சுப் பாருங்கோ, எங்கட வெயிலுக்கு ரப்பர் வெடிச்சு காத்துப் போகும், வெடிச்ச குழாய் ஒரு முழம் மாத்தினாலே கனக்க ஸ்கூட்டி ஓடத் தொடங்கிடும்.

பம்பே பழுது எண்டாலும் "சாமான் இல்லை" எண்ட கதையை நான் ஒத்துக்கொள்ளமாட்டன். 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது, இடையில கையில இருந்த ஸ்கூட்டியளைத்தான் எல்லாரும் திருத்தித் திருத்தி ஓடினது, சாமான் இல்லாமல் அது நடக்குமே? மூண்டு மூக்கு வக்யூம் பம்ப் கன மொடலுக்குப் பொதுவாப் பொருந்தும், கம்பனிப் பேர் ஒண்டாத்தான் இருக்கவேணும் எண்டில்லை. பழைய பம்பைக் கழட்டிக் கையில கொண்டு ஸ்டான்லி ரோட் பக்கம் பார்ட்ஸ் கடையளில காட்டிக் கேளுங்கோ, மூக்குத் தடிப்பும் ஆணி ஓட்டையும் ஒத்துவந்தாப் போதும். வயர் வேண்டாம், பியூஸ் வேண்டாம், இஞ்சின் நிண்டா தானா நிக்கும். என்ர விருப்பத்தைக் கேட்டா அம்மா ஓடுற ஸ்கூட்டிக்கு இதுதான்.

எலக்ட்ரிக் போடவே கூடாதெண்டு சொல்லேல்லை. வக்யூம் பம்ப் உண்மையா எடுக்கேலாமல் போனா, இல்லாட்டி இஞ்சின் தேஞ்சு உறிஞ்சிற பலம் குறைஞ்சிருந்தா அது நல்ல வழிதான். ஆனா வாங்கேக்க கன ஆக்கள் பாக்கிறது மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் தள்ளும் எண்டதை, அது தேவையில்லாத கணக்கு. ஒரு மணித்தியாலம் 45 கிலோமீற்றரில ஓடி, லீற்றருக்கு 45 ஓடினா உங்கட இஞ்சின் குடிக்கிறது ஒரேயொரு லீற்றர். எந்தச் சின்னப் பம்பும் அதைப்போல பல மடங்கு தள்ளும். நீங்கள் பாக்கவேண்டியது பிரஷர். காபரேட்டருக்கு உள்ள பெற்றோலை நிப்பாட்டிறது ஒரு சின்ன ஊசி வால்வு, ஸ்கூட்டி காபரேட்டரில அது தாங்கிறது 2, 3 பிஎஸ்ஐ (பிரஷர் அளக்கிற அலகு) அளவுதான். கடையில கிடக்கிற சதுரப் பெட்டி மாதிரியான பம்புகளில 2 தொடக்கம் 4 எண்டும் இருக்கு, 4 தொடக்கம் 7 எண்டும் இருக்கு, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி, ரெண்டாவது காருக்கு. அதைப் போட்டா ஊசியைத் தள்ளிக்கொண்டு பெற்றோல் வழியும், வெளியில வழிஞ்சாலும் பரவாயில்லை கண்ணுக்குத் தெரியும், உள்ள போய் இஞ்சின் ஒயிலோட கலந்தா தெரியாது. ஒயில் பாக்கிற குச்சியை இழுத்து மணந்து பாருங்கோ, ஒயில் மட்டம் ஏறியும் பெற்றோல் மணமும் இருந்தா ஓடாதேங்கோ, முதல் ஒயில் மாத்தவேணும். உங்கட ஒன்லைன் 4,000 ரூபா பம்பில பிரஷர் போட்டிருக்கோ? போடாட்டி வாங்காதேங்கோ. 12 வோல்ட் தானோ எண்டும் பாருங்கோ, லொறிக்கான 24 வோல்ட்டும் அதே முகத்தோட வரும்.

இதைவிட எனக்குப் பயமா இருக்கிறது வயரிங். கனபேர் செய்யிறது என்னெண்டா சாவி வயரில இருந்து நேர பம்புக்கு இழுத்துவிடுறது, சாவி ஓனில இருக்கும் மட்டும் பம்ப் ஓடும், ஸ்கூட்டி விழுந்து பெற்றோல் குழாய் கழண்டு இஞ்சின் நிண்டாலும் பம்ப் நிக்காது, றோட்டில பெற்றோலை ஊத்திக்கொண்டே இருக்கும், பக்கத்தில சூடான சைலன்ஸர். அதால இஞ்சின் சுத்தேக்க மட்டும் பம்புக்குக் கறண்ட் விடுற றிலே வேணும், இல்லாட்டி சரிஞ்சா வெட்டுற சுவிட்ச் ஆவது வேணும், பற்றறிக்குக் கிட்ட பியூஸ் கட்டாயம். கராஜ் 12,000 எண்டா அதுக்குள்ள பம்ப் எவ்வளவு, றிலே இருக்கோ, பியூஸ் இருக்கோ, பெற்றோலுக்கெண்டே வாற குழாயும் கிளிப்பும் இருக்கோ, கூலி எவ்வளவு எண்டு பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்கோ. எல்லாம் இருந்தா அந்த விலை கூட எண்டு சொல்லமாட்டன், பம்பும் ரெண்டு வயரும் மட்டும் எண்டா கூட.

பொருத்துற இடமும் முக்கியம். சின்னப் பம்புகள் தள்ளும் நல்லா, உறிஞ்சிறது குறைவு, அதால டாங்குக்குக் கிட்ட பதிவா வைக்கவேணும், பில்டர் பம்புக்கு முன்னால, அம்புக்குறி காபரேட்டர் பக்கம். உள்ள பெற்றோல் ஓடுறது தெரியுது எண்டு சேலைன் ரியூப் போடுற பழக்கத்தை விடுங்கோ. பொருளாதாரத் தடைக் காலத்தில மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓட்டின ஊர் இது, அப்ப கிடைச்சதை வச்சுச் செய்தவை, அவையின்ர கெட்டித்தனத்தை நான் மதிக்கிறன், ஆனா அந்த ரியூப் பெற்றோலில காய்ஞ்சு விறைச்சு வெடிக்கும். இப்ப கடையில சரியான குழாய் இருக்கு.

இன்னொண்டு, பற்றறி இறங்கினா வக்யூம் பம்ப் ஸ்கூட்டியை கிக்கரால அடிச்சுக் கொண்டு போயிடலாம். எலக்ட்ரிக் போட்டா அந்த வசதி போயிடும், கறண்ட் இல்லாமல் பெற்றோல் ஏறாது. வெளிநாட்டில இருந்து ஆக்கள் வந்தா ஓடட்டும் எண்டு மாசக்கணக்கில மூடி வச்சிருக்கிற ஸ்கூட்டியளுக்கு இது பெரிய இடைஞ்சல். பம்ப் இழுக்கிறது ஒரு அம்பியர் அளவுதான், 12 வாட்ஸ், நல்ல பற்றறியும் சார்ஜிங்கும் எண்டா அது பாரமில்லை.

கேள்வி: அண்ணா, நான் நெல்லியடி, என்ட ஸ்கூட்டி இஞ்செக்‌ஷன் மொடல். முந்தி சாவி போட்டா ம்ம் எண்டு ஒரு சத்தம் வரும், இப்ப அது இல்லை, ஸ்டார்ட்டும் இல்லை. பம்ப் முழு செற்றா மாத்தச் சொல்லினம், விலை கேக்கவே தலை சுத்துது. வெளியில ஒரு சின்னப் பம்ப் போடேலாதோ?

பதில்: தங்கச்சி, உங்கடது காபரேட்டர் இல்லாமல் பெற்றோலைப் பிரஷரில பீச்சிற மொடல், வெளியில போடுற சின்னப் பம்ப் உங்கட ஸ்கூட்டிக்கு ஒருநாளும் சரிவராது. இஞ்செக்‌ஷனுக்கு வேண்டிய பிரஷர் 43 பிஎஸ்ஐ அளவு, மேல சொன்ன பம்பில அது வராது. அந்த ம்ம் சத்தம்தான் டாங்குக்குள்ள இருக்கிற பம்ப் ரெண்டு செக்கன் ஓடி பிரஷர் ஏத்திறது. சத்தம் இல்லையெண்டா பம்ப் செத்தது எண்டும் இருக்கலாம், பம்புக்குக் கறண்ட் போகேல்லை எண்டும் இருக்கலாம், முதல் ரெண்டாவதைப் பாருங்கோ. பியூஸ், பற்றறி வோல்ட், பம்ப் கனெக்டர். கடல் பக்கம் ஓடுற வாகனமெண்டா கனெக்டர் பின்னில பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், துடைச்சுப் போட்டா சத்தம் வந்திடும். கனெக்டரில மீற்றர் வச்சு, சாவி போட்ட அந்த ரெண்டு செக்கனில 12 வோல்ட் வருதோ எண்டு உங்களுக்கு முன்னால காட்டச் சொல்லுங்கோ. வந்தும் பம்ப் ஓடாட்டித்தான் பம்ப் பழுது. அப்பவும் சில மொடலுக்கு உள்ள இருக்கிற மோட்டரை மட்டும் தனிய வாங்கலாம், முழு செற்றும் தேவையில்லை, கேட்டுப் பாருங்கோ. மாத்தினாப் பிறகு பெற்றோல் முள்ளு சிவப்பில நிக்க நிக்க ஓடுறதைக் குறையுங்கோ, டாங்குக்குள்ள இருக்கிற பெற்றோல்தான் அந்த மோட்டரைக் குளிராக்கிறது.

கேள்வி: பம்ப் வாங்கிப் போட்டு ரெண்டு கிழமையில நிண்டிட்டுது. மூண்டு மாசம் வாரண்டி எண்டு சொல்லித் தந்தவை, இப்ப எலக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்கமாட்டம் எண்டினம். என்ன செய்யலாம்?

பதில்: பில் இருக்கோ? பில்லில வாரண்டி எழுதியிருந்தா உங்கட பக்கம் பலமா இருக்கு. முதல் கடைக்காரரோட ஆறுதலா ஒருக்காக் கதையுங்கோ, சரிவராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இலக்கத்தில எடுத்துக் கேக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாரண்டிக்கு மாறா நடந்த விற்பனை எண்டா வாங்கின நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கவேணும், அதால இழுத்தடிக்க விடாதேங்கோ. பில் தராத கடையெண்டா கேட்டு வாங்குங்கோ, கேட்டா குடுக்கவேணும் எண்டதும் அதே சட்டத்தில இருக்கு. போகேக்க பழுதான பம்பையும் அதுக்கு முன்னால போட்ட பில்டரையும் சேத்துக் கொண்டு போங்கோ, பில்டர் இல்லாமல் போட்டதாலதான் ஊத்தை போய் இறுகினது எண்டுதான் கடைக்காரர் முதல் சொல்லப் போறார்.