வாசகர் கேள்வி: ஒன்பது நிமிட அழைப்பு

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இரத்தப் புற்றுநோய்க்கு மகரகமவில் சிகிச்சை பெற்று வருகிறான். சென்னை நடிகர் ஒருவர்மீது அவனுக்கு உயிர். கனடாவில் இருக்கும் என் அண்ணா யார் யாரையோ பிடித்து, அவரை மகனோடு வீடியோ அழைப்பில் பேச வைத்தார். ஒன்பது நிமிடம் பேசிய நடிகர், "யாழ்ப்பாணம் வந்தால் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு" என்றார். அண்ணா அதைப் பதிவு செய்துவிட்டார். முகநூலில் போடுவதுதான் அவருக்கு நாம் செய்யும் நன்றி என்கிறார். மொட்டைத் தலையை ஊர் பார்க்கக் கூடாது என்று மகன் அழுகிறான். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: போட வேண்டாம், சகோதரி.

உங்கள் அண்ணாமீது எனக்குக் கோபம் இல்லை. மருமகன் படுத்திருக்கும் கட்டிலருகே நிற்க முடியாதவர், தூரத்திலிருந்து தன்னால் முடிந்ததைச் செய்தார். அதை நாலு பேர் அறிய வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருக்கும். ஆனால் நடிகர் பேசியது உங்கள் மகனோடு, ஊரோடு அல்ல. மல்யுத்த வீரர் ஜோன் சீனா, நோயுற்ற பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் 'மேக் எ விஷ்' அமைப்பு மூலம் 650 பேரைச் சந்தித்திருந்தார் என்று 2022இல் கின்னஸ் பதிவு சொன்னது. அந்தச் சந்திப்புகளில் எத்தனையை நாம் பார்த்திருக்கிறோம்?

இன்னொரு காரணம், அண்ணாவிடம் எடுபடக் கூடியது. வீடியோ பரவினால் சுன்னாகத்தில் உங்கள் படலை ஓயாது. ஆளுக்கொரு பழப்பையோடு வருவார்கள், பிள்ளையின் கன்னத்தைத் தடவுவார்கள், பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். கீமோ ஏற்றியபின் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ஒருவருடைய தடிமனும் இருமலும்கூட அவனைத் திரும்பவும் வைத்தியசாலையில் படுக்க வைத்துவிடும். "டொக்டர் ஆட்களைச் சேர்க்க வேண்டாம் என்றவர்" என்று சொல்லிப் பாருங்கள். நம்மவர்கள் தாய் சொன்னால் வாதாடுவார்கள், டொக்டர் சொன்னால் அடங்குவார்கள். அண்ணாவோடு நீங்களே பேசுங்கள். மாமாவோடு வழக்காடும் வேலையைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

நன்றி சொல்ல வழியா இல்லை? மகன் தன் கையால் நாலு வரி எழுதட்டும். அழைப்பை ஏற்பாடு செய்தவர் வழியாகவே அது நடிகரிடம் போகட்டும். பதிவை மகனின் கைபேசிக்கு மாற்றிவிட்டு, மற்றப் பிரதிகளை அழிக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சாப்பாட்டு வாக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான், ஆனால் பிள்ளை அதை நாள் எண்ணிக் காத்திருப்பான். "கட்டாயம் வருவார்" என்று நீங்கள் உறுதி கொடுக்காதீர்கள், "சும்மா சொன்னவர்" என்று உடைக்கவும் வேண்டாம். "வந்தால் என்ன சமைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒடியல் கூழ் என்றானானால், வாய்ப்புண் ஆறி, டொக்டரும் சரி என்ற பிறகு அதை அவனுக்கே காய்ச்சிக் கொடுங்கள். உறைப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.