7 கிலோ கைப்பொதியோடு கலியாணத்துக்குப் போகலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "அக்காவின் மகளுடைய கலியாணத்துக்காக அம்மாவும் நானும் ஆறு நாட்களுக்குச் சென்னை செல்கிறோம். மலிவு என்று சொல்லிப் பயண முகவர் எடுத்துத் தந்த சீட்டில் ஆளுக்கு 7 கிலோ கைப்பொதி மாத்திரமே உண்டு என்பதை இப்போதுதான் கவனித்தோம். ஓரிரு கிலோ கூடினாலும் கவுண்டரில் பேசிச் சமாளிக்கலாம் என்கிறார் முகவர். அம்மா இன்சுலின் போடுகிறவர். 7 கிலோவுக்குள் எல்லாம் அடங்குமா?"

அடங்கும், சகோதரி. ஆனால் 'சமாளிக்கலாம்' என்ற சொல்லை இன்றே மறந்துவிடுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு உங்கள் முகவர் யாரென்றே தெரியாது. தராசு 8 கிலோ காட்டினால் மேலதிகக் கட்டணம் கேட்பார், அல்லது பொருளை வெளியே எடுக்கச் சொல்வார். நீர்கொழும்புக்காரர் என்றால், எடுத்ததை வழியனுப்ப வந்த தம்பியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். இரவு முழுவதும் புகையிரதத்திலோ பஸ்ஸிலோ இருந்து வந்து கட்டுநாயக்கவில் நிற்கும் நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நிறுப்பது வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். தொங்கு தராசு இல்லாவிட்டால் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் வையுங்கள். 6 கிலோ 700 கிராமுக்கு மேல் போகவேண்டாம், ஏனெனில் தராசுக்குத் தராசு சிறிது மாறும்.

முகவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். விமானத்தின் அடியில் ஏற்றும் பொதி இல்லாத சீட்டை, அது இல்லை என்பதைச் சொல்லாமலே விற்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. இன்னொரு வழக்கமும் உண்டு: போகும்போது ஒரு நிறுவனம், வரும்போது வேறொரு நிறுவனம் என்று இரண்டு தனிச் சீட்டுகளை ஒட்டி ஒரே விலையாகச் சொல்வார்கள், இரண்டுக்கும் பொதி விதி வேறு வேறாக இருக்கும். ஒரு நிறுவனம் தோளில் போடும் கைப்பையையும் அந்த 7 கிலோவுக்குள் சேர்க்கும், மற்றது தனியாக விடும். ஒரே வானத்தில் பறப்பவர்கள் ஏன் ஒரே விதியை எழுதமாட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நான்கு வரியை நம்பாமல், முழுச் சீட்டையும் கேட்டு வாங்கி, இரு வழிக்கும் பொதி பற்றி எழுதியிருப்பதை ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

பாரத்தைத் தின்பது பெரும்பாலும் பைதான். நான்கு சில்லு வைத்த கடினப் பெட்டி வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். துணியாலான தோள்பை ஒரு கிலோவுக்குள் முடியும். கடைகளில் '20 அங்குலம், விமானத்துக்கு ஏற்றது' என்று விற்கும் பெட்டிகளில் அந்த அளவு பெரும்பாலும் சில்லையும் கைப்பிடியையும் விட்டு எடுத்தது; விமான நிறுவனமோ இரண்டையும் சேர்த்தே அளக்கும். ஆளுக்கு இரண்டு பட்டுச் சேலை, மிகுதி நூற்சேலை. துவாய்க்குப் பதிலாக ஒரு மருதமுனைச் சாரம் போதும், ஓர் இரவில் காய்ந்துவிடும். பாரமான செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பொதியில் கொண்டுபோகும் திரவங்களுக்கான விதி 2006ஆம் ஆண்டு இலண்டனில் பிடிபட்ட விமானத் தகர்ப்புச் சதிக்குப் பின் வந்தது. ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாததாக, எல்லாம் ஒரு லீற்றர் அளவுள்ள ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். கணக்கு போத்தலின் அளவுக்கே. 200 மில்லிலீற்றர் போத்தலில் அடியில் மிஞ்சிய தைலமும் தடைதான். தயிர், நெய், ஊறுகாய், தேன் எல்லாம் திரவமாகவே கருதப்படும். மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியை அன்போடு கட்டிக்கொண்டு வந்து, சோதனை மேசையில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இந்த விதிக்கு விலக்கு மருந்து. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் அம்மாவின் காரியம் இதில்தான் இருக்கிறது. பயணத்துக்குத் தேவையான அளவு இன்சுலினும் பாணி மருந்தும் 100 மில்லிலீற்றரைத் தாண்டினாலும் கையில் கொண்டுபோகலாம். ஆனால் சோதனைக்கு முன் நீங்களாகவே எடுத்துக் காட்ட வேண்டும். சிக்கல் எங்கே என்றால், அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் குளிசைகளைச் சிறு கடதாசி உறையில் போட்டு, மேலே கிறுக்கித் தருகிறார்கள். அதை வேற்று நாட்டு அதிகாரி வாசிக்க முடியாது, சில வேளை நம்மாலும் முடியாது. கிளினிக் கொப்பியின் பிரதியோடு, கடவுச்சீட்டில் உள்ள பெயரே எழுதப்பட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்றை வைத்தியரிடம் கேளுங்கள். இன்சுலின், ஊசி, அளவு மூன்றும் அதில் இருக்கட்டும். அந்த ஒரு பக்கக் கடிதத்துக்காக இரண்டு நாள் வரிசையில் நிற்க நேரலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். இன்சுலினை ஒருபோதும் விமானத்தின் அடிக்கு அனுப்ப வேண்டாம். அங்கே உறைந்துபோகக் கூடும். உறைந்த இன்சுலின் பயன்படாது.

இதனோடு சேர்ந்த பொறி ஒன்று உண்டு. விமானம் நிறைந்திருந்தால், ஏறும் வாயிலில் வைத்து உங்கள் கைப்பொதியை வாங்கி அடியில் போடுவார்கள். அந்த நேரத்தில் இன்சுலின், கடவுச்சீட்டு, நகை, பவர் பேங்க் நான்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். பவர் பேங்க் அடியில் போவது தடை. 20,000 mAh என்று எழுதிய பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட் மணி. அனுமதி கேட்காமல் கையில் கொண்டுபோகும் எல்லை 100 வாட் மணி.

தெரிந்தவர் தரும் பார்சல் எதையும் வாங்காதீர்கள். பைக்குள் இருப்பதற்குப் பொறுப்பு நீங்கள்தான்.

திரும்பி வரும்போது தி.நகர்ச் சேலைகள் 7 கிலோவுக்குள் அடங்கா என்று உங்களுக்கே தோன்றினால், வரும் வழிக்கு மாத்திரம் ஒரு பொதியை முன்கூட்டியே வாங்குங்கள். விமான நிலையத்தில் வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு. முகவர் மூலம் வாங்கினால் அவருடைய தரகும் ஏறும். நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே வாங்குவதற்குச் சீட்டின் பதிவு இலக்கம் (PNR) தேவை. அதைத் தர முகவர் தயங்கினால், தரும்வரை கடையைவிட்டு எழும்ப வேண்டாம்.