வங்கியில் இருப்பது யாருடைய பணம்? தொண்டு நிறுவனக் கணக்குகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அறங்காவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வங்கியில் 40 லட்சம் இருக்கிறது. நிலைமை நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: அதில் எவ்வளவு உங்கள் விருப்பப்படி செலவு செய்யக்கூடியது என்று கேளுங்கள். வகுப்பறை கட்டத் தந்த பணத்தில் சம்பளம் போடக் கூடாது. ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் நிதியையும் காட்டும் கணக்கில், குறிப்பிட்ட நோக்கத்துக்கான நிதி என்று தனி வரி இருக்கும். அங்கே 46 லட்சம் என்று இருந்தால் மீதி 6 லட்சம் எங்கே? வைப்புத்தொகையிலும் இல்லை, வரவேண்டிய மானியமும் இல்லை என்றால், அது பெரும்பாலும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் போயிருக்கும். யாரும் கையாடல் செய்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மானியம் வந்ததும் ஈடுகட்டிவிடலாம் என்று எடுப்பார்கள், அந்த மானியம் தள்ளிப்போகும். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கேள்வி: எத்தனை மாதக் கையிருப்பு வேண்டும்?

பதில்: 3 முதல் 6 மாதம் என்பது பொதுவான அளவு. கணக்குப் போடும்போது பொது நிதியிலிருந்து, அதாவது எந்தக் குறிப்பிட்ட நோக்கத்துக்கும் கட்டுப்படாத நிதியிலிருந்து, கட்டடம், வண்டி மதிப்பைக் கழித்துவிடுங்கள். சம்பள நாளில் கட்டடம் உதவாது. பொது நிதி 30 லட்சம், அதில் கட்டடம் 24, மாதச் செலவு 4 என்றால் கையில் இருப்பது ஒன்றரை மாதம்தான். ஒரே நன்கொடையாளரை நம்பியிருக்கிறீர்களா? அப்படியானால் 6 மாதமே எனக்குக் குறைவாகப் படுகிறது.

கேள்வி: நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலாளர் சம்பளத்தை முழுக்கத் திட்டச் செலவில் எழுதினாலே அது இறங்கிவிடும். உண்மையிலேயே அவ்வளவு குறைவு என்றால், கணக்கை யார் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல கணக்காளருக்குக் கொடுக்கும் சம்பளம் வீண் செலவு அல்ல.

கேள்வி: போன வருடம் பற்றாக்குறை. பயப்பட வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். மூன்றாண்டு மானியத்தை முதல் ஆண்டிலேயே வரவு வைத்திருந்தால் அடுத்த இரண்டு ஆண்டும் பற்றாக்குறை போலத்தான் தெரியும். பொது நிதியை மட்டும் தனியாகப் பாருங்கள். அதுவும் வருடா வருடம் கரைந்தால் கவலைப்படத்தான் வேண்டும்.

கேள்வி: தணிக்கை அறிக்கையில் எதைப் படிப்பது?

பதில்: தணிக்கையாளரின் கருத்து, அப்புறம் பின்னால் வரும் குறிப்புகள். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் ஐயம் இருப்பதாக எழுதியிருந்தால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் 12 மாத ரொக்க வரவு செலவு மதிப்பீட்டை அன்றே கேட்டு வாங்குங்கள்.