ஷார்ப் பண்ணுவது கடைசி வேலை: பிரிண்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஏற்காடு கோடை விழாவுக்குப் போய் வந்தவர்களுடையது, மீதி முகூர்த்த ஆல்பம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

போனில் பளிச்சென்று தெரியும் படம், லேபில் பிரிண்ட் போட்டால் இருட்டடித்து வருகிறது. கேட்டால் மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். (அம்மாப்பேட்டை வாசகர்)

மிஷின் சரியாகத்தான் இருக்கும். திரை தானே வெளிச்சம் விடுகிறது. காகிதம் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில்தான் தெரியும். பிரைட்னஸை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்திருப்பீர்கள். பாதிக்கும் கீழே இறக்குங்கள். ஆட்டோ பிரைட்னஸ், ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் ஒரு வெள்ளைத் தாளை மானிட்டர் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை மானிட்டரை இறக்கலாம். அப்புறம், நூறு படத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு படத்தை 4×6 அங்குலத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனை தடவை எழுதினாலும் இதை யாரும் செய்வதில்லை.

படத்தில் 72 டிபிஐ என்று காட்டுகிறது. 300 என்று மாற்றினால் தெளிவு கூடுமா? (ஓமலூர் வாசகி)

கூடாது. அது, ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று ஃபைலுக்குள் எழுதி வைத்த வெறும் குறிப்பு. பிக்சலை, அதாவது படத்தில் உள்ள புள்ளிகளை, எண்ணுங்கள். 4×6-க்கு 1200×1800, 8×12-க்கு 2400×3600, 12×18-க்கு 3600×5400. இதில் முக்கால் பங்கு இருந்தாலே போதும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பாதிக்கும் கீழே என்றால் சின்ன பிரிண்டாகப் போடுங்கள்.

அன்ஷார்ப் மாஸ்க்கில் (ஷார்ப் பண்ணும், அதாவது படத்தின் விளிம்பைத் தெளிவாக்கும் கருவி) என்ன நம்பர் போடவேண்டும்? அவசரம். (அஸ்தம்பட்டி வாசகர்)

எத்தனை பிக்சல் படம், எந்த அளவு பிரிண்ட், எந்தக் காகிதம்? மூன்றையும் விட்டுவிட்டு அவசரத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்து, 12×18 கிளாஸி பேப்பரில் போடுவதாக நானே வைத்துக்கொள்கிறேன். முதலில் படத்தை 5400×3600-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு அமவுண்ட் (எவ்வளவு ஷார்ப்) ஏறக்குறைய 120, ரேடியஸ் (விளிம்பைச் சுற்றி எத்தனை பிக்சல்) 1, திரெஷோல்ட் (எவ்வளவு வித்தியாசம் இருந்தால் விளிம்பு என்று எடுப்பது) 3. நூறு சதவீதப் பெரிதாக்கலில் பார்க்கும்போது திரையில் ஒரு பொட்டு கூடுதலாகத் தெரிந்தால் பிரிண்டில் சரியாக வரும். தலைமுடிக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஓடினால் அதிகமாகிவிட்டது, ரேடியஸைக் குறையுங்கள். கேன்வாஸிலும் மேட் இங்க்ஜெட் தாளிலும் மை கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அங்கே அமவுண்டை 150, 180 வரை ஏற்றலாம்.

வரிசை முக்கியம். கலர், கிராப், அளவு மாற்றம் எல்லாம் முடிந்த பிறகுதான் ஷார்ப். ஷார்ப் பண்ணிய படத்தை அப்புறம் அளவு மாற்றினால் செய்த வேலை வீண். இன்னொரு அளவில் பிரிண்ட் வேண்டுமென்றால் ஒரிஜினலுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பியுங்கள். ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ணிவிட்டு வந்து என்னிடம் அழக்கூடாது.

4×6 பிரிண்டில் எல்லார் தலையும் வெட்டுப்பட்டு வந்திருக்கிறது. லேப்காரர் தப்புதானே?

இல்லை. உங்கள் போன் எடுப்பது 4:3, காகிதம் 3:2. எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். நீங்கள் வெட்டாமல் கொடுத்தால் மிஷின் வெட்டும். ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் எப்படியும் போகும், அதற்கும் இடம் விடுங்கள்.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் பனிமூட்டத்தில் எடுத்த படம். டீஹேஸ் (பனிமூட்டத்தைக் குறைக்கும் ஸ்லைடர்) போட்டு ஷார்ப்பையும் ஏற்றினேன். பிரிண்டில் வானமெல்லாம் புள்ளி புள்ளியாக, அங்கங்கே பட்டை பட்டையாக இருக்கிறது. (நான்கைந்து பேர்)

20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனதே அந்தப் பனியைப் பார்க்கத்தானே? வீட்டுக்கு வந்து அதை ஏன் துடைக்கிறீர்கள்? பனிக்குள் ஷார்ப் பண்ண எதுவும் கிடையாது, இருப்பது சென்சார் நாய்ஸ், அதாவது கேமரா தானே உண்டாக்கும் புள்ளிகள், மட்டும். ஸ்லைடரை ஏற்றினால் நாய்ஸ்தான் மணல் தூவின மாதிரி எழுந்து நிற்கும்.

லைட்ரூம் (எடிட் பண்ணும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ஷார்ப்பனிங்கில் உள்ள மாஸ்க்கிங் ஸ்லைடரை ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு நகர்த்துங்கள். படம் கறுப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடம் மட்டும்தான் ஷார்ப் ஆகும். பனி முழுக்கக் கறுப்பாகி, சில்வர் ஓக் தண்டும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும்வரை தள்ளுங்கள். 70, 80 வரை போனாலும் தப்பில்லை. பட்டை விழுவதற்குக் காரணம் வேறு: ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான் உண்டு. பனியில் அதிலும் கொஞ்சம்தான் பயன்படுகிறது, அதை டீஹேஸ் பிடித்து இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலத் தரவு) இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். இல்லையென்றால் டீஹேஸை 10-க்கு மேல் தொடாதீர்கள்.

அப்பா தவறிவிட்டார். தனிப் படம் எதுவும் இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை எடுத்து ஏஐ ஆப்பில் கொடுத்தோம். தெளிவாகத்தான் வந்தது, ஆனால் 12×15 ஃப்ரேம் போட்ட பிறகு அம்மா அதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். இன்னும் ஷார்ப் பண்ணினால் சரியாகுமா? (ஆத்தூர் வாசகர்)

ஆகாது. உங்கள் அம்மா சொல்வதுதான் சரி, அது உங்கள் அப்பா இல்லை.

நீங்கள் அனுப்பிய குரூப் படம் வாட்ஸப்பில் சுருங்கி வந்தது, 1600 பிக்சல் அகலம். வரிசையில் பத்து பேர். அப்பாவின் முகம் மொத்தமே 80 பிக்சல் இருக்கும். 12×15 ஃப்ரேமில் முகம் ஐந்து அங்குலம் வரவேண்டும். ஒரு அங்குலத்துக்கு 16 பிக்சல் கிடைக்கிறது, நமக்கு வேண்டியது 200-க்கு மேல். ஷார்ப்பனிங் என்பது இருக்கிற விளிம்பின் ஒரு பக்கத்தை வெளிறச் செய்து, மறு பக்கத்தைக் கறுப்பாக்குவது. இல்லாத இமையை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஆப் கொண்டுவரும். தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு கண்ணை, ஒரு பல் வரிசையை, ஒரு தோலை எடுத்து ஒட்டும். ஒன்றரைக் கண் நேராகிவிடும், அம்மைத் தழும்பு காணாமல் போகும், அறுபது வயது மூக்கு முப்பது வயது மூக்காகும். வீட்டுக்காரர்களுக்கு அந்த மனிதரே அந்தத் தழும்பும் கண்ணும்தான்.

மாதத்துக்கு இரண்டு மூன்று இப்படி வருகிறது. 'காரியத்துக்குள் வேண்டும்' என்று லேபில் நின்றால், கடைக்காரரும் அதே ஆப்பில் போட்டு, கோட்டும் டையும் மாட்டி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுத்துவிடுகிறார். வேட்டியைத் தவிர வேறு கட்டாத மனிதருக்குக் கோட்டு! கேட்டால் 'கஸ்டமர் விரும்புகிறார்கள்' என்பார்கள். பதினாறாம் நாள் மாலை போட்ட பிறகுதான் கஸ்டமர் விரும்பினாரா இல்லையா என்று தெரியும்.

செய்யவேண்டியது இது. அந்தக் கல்யாண வீட்டு ஆல்பத்தைத் தேடிப் பிடியுங்கள். பிரிண்டைப் போனில் எடுக்காமல் பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ-இல் ஸ்கேன் பண்ணுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படமாக இருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே ஸ்கேனரில் வையுங்கள். பிலிம் காலத்துக் கல்யாணம் என்றால் நெகட்டிவ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். 35 மில்லிமீட்டர் நெகட்டிவை 3000 டிபிஐ-இல் எடுத்தால் ஏறக்குறைய 4200×2800 பிக்சல் வரும், வாட்ஸப் படத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலம். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், லைசென்ஸ் அப்ளிகேஷன் ஆகியவற்றுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஏதாவது பழைய பையில் கிடக்கும். அதுதான் எல்லாவற்றையும்விட நல்லது, முகம் மட்டும் பெரிதாக இருக்கும்.

எதுவுமே கிடைக்கவில்லையா? பக்கத்தில் நிற்பவர்களோடு சேர்த்து, அப்பா நடுவில் வருகிற மாதிரி வெட்டி, 5×7-இல் போடுங்கள். லேசாக மங்கித்தான் இருக்கும், பரவாயில்லை. நாய்ஸைக் கொஞ்சம் குறையுங்கள், ஷார்ப்பைத் தொடவே வேண்டாம். ஃப்ரேமுக்குள் அகலமான வெள்ளை அட்டை மவுண்ட் வைத்தால் சின்னப் படமும் சுவரில் நிறைவாக இருக்கும். முதலில் ஒரு சோதனை பிரிண்ட் போட்டு அம்மாவிடம் காட்டுங்கள்.

12×36 ஆல்பம். முகூர்த்தப் பட்டின் சிவப்பு, மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாக வருகிறது. ஜரிகை வெள்ளையாகிவிடுகிறது. (சேலம் டவுன், ஆல்பம் டிசைனர்)

ரெட் சேனல், அதாவது சிவப்பின் அளவு, உச்சமான 255-இல் முட்டி நிற்கிறது. சிவப்பின் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) 15, 20 இறக்கினால் மடிப்பு திரும்பி வரும். ஜரிகைக்கும் நகைக்கும் ஷார்ப் வேண்டாம், அவை ஏற்கெனவே மின்னுகின்றன. கண், புருவம், உதடு, பூச்சரம் இவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் கொடுங்கள், கன்னத்துக்குக் கொடுத்தால் மேக்கப் திட்டுத் திட்டாகத் தெரியும். ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற நிற முறையில் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபி-யை அப்படியே கொடுத்தால் பெரும்பாலான லேபில் எல்லாம் சோகையாக வரும். லேபில் 'நோ கரெக்‌ஷன்' என்று எழுதிக் கொடுக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் ஒரு தடவை, ஆபரேட்டர் ஒரு தடவை, மிஷின் ஒரு தடவை என்று ஷார்ப் மூன்று முறை ஏறும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடை. கேட்டலாக் படத்தில் முத்துகளின் ஓரமெல்லாம் வெள்ளையாக வெடிக்கிறது.

ரேடியஸ் 0.5-க்கு மேல் போகாதீர்கள். அதைவிட, எடுக்கும்போதே கேமராவில் வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். வெளிச்சத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டுங்கள்.

ஜேபெக்கா, டிஃப்-ஆ?

லேபுக்கு ஜேபெக் போதும். போட்டோஷாப்பில் 12 வரை உள்ள குவாலிட்டியில் 11 அல்லது 12, ஒரே ஒரு தடவை சேவ்.

படம் மட்டும் அனுப்பி, 'எப்படி சார் இருக்கு, 20×30 போடலாமா?' என்று கேட்ட ஏற்காடு வாசகருக்கு:

நீங்களும் வாட்ஸப்பில்தான் அனுப்பியிருக்கிறீர்கள். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.