பினாங்கில் எங்கள் வீட்டுத் தோட்டத்திற்கு வரும் தேன்சிட்டைப் படமெடுத்தால் மங்கலாகவே வருகிறதே, ஏன்?

பெரும்பாலும் ஷட்டர் வேகம் போதாததே காரணம். ஏறத்தாழ 11 செ.மீ. நீளமே உள்ள இச்சிட்டு ஒரு கிளையில் ஓரிரு நொடிகளுக்கு மேல் தங்குவதில்லை என்பதால், 1/1000 நொடி அல்லது அதைவிடக் குறைந்த நேரத்தில் படம் பதியுமாறு அமைத்து, அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) அளவு உயர்ந்து படத்தில் சற்றுப் புள்ளிகள் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைப் பின்னர் குறைக்கலாம். அசைந்த படத்தை மீட்க இயலாது.

பறவையைத் துரத்தாமல், அது திரும்பத் திரும்ப வரும் பூவைக் கண்டுபிடித்து அங்கே காத்திருப்பதே சிறந்த வழி. செம்பருத்தியில் அது பூவின் வாய்க்குள் நுழையாமல், காம்பருகே அடிப்பகுதியைக் கூரிய அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே பூவைப் பக்கவாட்டில் பார்க்கும்படி நில்லுங்கள். ஆண் சிட்டின் கரிய தொண்டை நீலமாக மின்னுவது ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது என்பதால், காலை எட்டு மணியளவில் சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொள்வது நல்லது.

பூந்தொட்டிக் கொடியிலோ துணி காயும் கம்பியிலோ சிலந்தி நூலால் பின்னிய பை போன்ற கூடு தொங்கினால், அதன் அருகே மட்டும் தயவுசெய்து செல்லாதீர்கள்.