வாசகர் கேள்வி: கிரீன் டீ தனிச் செடியா?

கே: கிரீன் டீக்கும் சாதாரண டீத்தூளுக்கும் செடியே வேறா? ஒரே செடி என்றால் நிறமும் ருசியும் இவ்வளவு மாறுவது எப்படி?

ப: செடி ஒன்றுதான், கமேலியா சைனென்சிஸ். இதில் குழம்பியது நீங்கள் மட்டுமல்ல. தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே 1762-இல் இரண்டையும் தனித்தனி இனமாக எழுதிவைத்தார். பெரிய இலை ரகம் கறுப்புத் தேயிலைக்கும் (நம் சாதாரண டீத்தூள்) சிறிய இலை ரகம் பச்சைத் தேயிலைக்கும் அதிகம் பயன்படுவது உண்மை. ஆனால் நிறத்தைத் தீர்மானிப்பது, இலையில் எந்தக் கட்டத்தில் சூடு படுகிறது என்பதுதான்.

கொழுந்தின் செல்லுக்குள் கேட்டசின் என்ற துவர்ப்புப் பொருள் ஓரிடத்திலும் அதை மாற்றும் நொதி (என்சைம்) வேறோரிடத்திலும் இருக்கின்றன. இலை கசங்கியதும் தடுப்பு கிழிந்து இரண்டும் கலக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் இலை சிவக்கும். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவதும் இப்படித்தான்.

கறுப்புத் தேயிலையில் இதை வேண்டுமென்றே நடத்துகிறார்கள். கொழுந்தைக் காற்றோட்டமான தொட்டியில் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வாட்டுவார்கள். பச்சையாகவே உருட்டினால் இலை நொறுங்கிச் சாறு வழிந்துவிடும். வாடிய இலைதான் முறுக்கிக்கொள்ளும். பிறகு ரோலரில் உருட்டியோ, சி.டி.சி. எனப்படும், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தில் கொடுத்தோ, ஈரக்காற்றில் 20 முதல் 30 டிகிரி செல்சியஸில் பரப்பிவைப்பார்கள். சி.டி.சி. தூளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். உருட்டிய இலைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். இதைத் தொழிலில் ‘நொதித்தல்’ என்கிறார்கள். தோசை மாவு புளிப்பதுபோல் நுண்ணுயிர் எதுவும் இதில் வேலை செய்வதில்லை. ஆக்சிஜனேற்றம் என்பதே சரி.

இலை செம்புநிறமாகும்போது நிறுத்தத் தெரிய வேண்டும், அதுதான் கைத்திறன். கேட்டசினிலிருந்து முதலில் உருவாகும் தியாஃபிளேவின் என்ற பொருள் பொன்னிறமும் சுறுசுறுப்பான ருசியும் தரும். அடர்சிவப்பும் கனமும் தருவது தியாரூபிஜின். நேரம் நீண்டால் முதலாவது குறைந்து, தேநீர் மங்கிச் சப்பென்று ஆகிவிடும். நிறுத்துவது டிரையரின் வேலை: 100 டிகிரியை ஒட்டிய சூடான காற்றில் ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கும். சூடு போதாவிட்டால் ஈர வெப்பத்தில் நொதி இன்னும் கொஞ்சம் ஓடி, தூளில் வெந்துபோன வாடை ஏறும்.

பச்சைத் தேயிலையில் சூடு முதலிலேயே வந்துவிடுகிறது. ஜப்பானிய முறையில் நீராவியில் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம். சீன முறையில் நன்றாகக் காய்ந்த வாணலியில் வறுப்பு. நொதி செத்த பிறகுதான் உருட்டலும் உலர்த்தலும். சூடு குறைந்தால் தடித்த காம்புக்குள் நொதி பிழைத்து, காம்பு சிவக்கும்; மிஞ்சினால் இலை ஓரம் கருகும்.

கே: கிரீன் டீயைத் திறந்துவைத்தால் கறுப்பு டீ ஆகுமா?

ப: ஆகாது. மாற்றும் நொதியே அதில் இல்லையே! ஒளியும் ஈரமும் பட்டுப் பழுப்பாவது கெடுவதன் அடையாளம்.

கே: கிரீன் டீயில் காஃபின் இல்லைதானே?

ப: இருக்கிறது. பதப்படுத்துவதால் காஃபின் பெரிதாகக் குறைவதில்லை.

கே: வீட்டில் போட்டால் ஒரே கசப்பு. ஏன்?

ப: கொதிக்கும் நீரை ஊற்றியிருப்பீர்கள். பச்சைத் தேயிலையில் கேட்டசின் மாறாமல் அப்படியே கிடக்கிறது. நீர் எவ்வளவு சூடோ அவ்வளவு இறங்கும். 2 கிராம் இலைக்கு 150 மி.லி. நீர், 70 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடத்தில் வடிகட்டல். தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த நீரைக் குளிர்ந்த பாத்திரத்துக்கு இரண்டு முறை மாற்றி ஊற்றிவிட்டு இலையைப் போடுங்கள்.